கடை மூடியிருக்கும் அரை மணி நேரம்

போன மாதம் எங்கள் பழைய தாய்சேய் நிலையத்தில் ஒரு காலைத் தேநீர் விருந்து வைத்து என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றுச் சில வருஷம் ஆன ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேக் கொடுக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும். மருந்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் புது மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருந்தார். நாற்காலிகள் நிரம்ப வேண்டியிருந்தது. கர்ப்பிணிகளின் மலச்சிக்கலுக்கான மாத்திரை. சின்னது, ரோஜா நிறம். எல்லாரும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கேக் நன்றாக இருந்தது.

பேச்சு முடிந்ததும் ஓர் இளம் நர்ஸ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "லூர்து அக்கா, உங்க காலத்துல இதுக்கு என்னதான் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு சாப்பாட்டுக் கடைய மூடச் சொன்னோம்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு இன்னொரு கேக் எடுக்கப் போய்விட்டாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேட்டவள் போய்விட்டதால் எழுதி வைக்கிறேன்.

நான் நர்ஸ் ஆன கதையில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கான்வென்டில் படித்தேன், ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், தரை துடைத்தேன், படுக்கை விரித்தேன், பரீட்சையில் தேறினேன். தொப்பி கொடுத்தார்கள். அதை ஊசி குத்தி நிறுத்தக் கற்றுக்கொள்ளவே அதிக காலம் பிடித்தது. பிறகு பினாங்கு ஜார்ஜ் டவுனில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் வேலைக்கு அனுப்பினார்கள்; வீடுகளில் நர்ஸுக்கு 'மிஸ்ஸி' என்று பெயர். ஜப்பான்காரன் வருவதற்குப் பத்து வருஷம் முந்தி அது.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் தங்கம்மா சிஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். உயரம், ஒல்லி, உடுப்பில் ஒரு மடிப்புக்கூடக் கலையாது. என்னைப் 'பிள்ளை' என்று கூப்பிட்டு 'நீர்' என்று பேசுவார். அந்த 'நீர்' மரியாதையா மிரட்டலா என்று முதல் வருஷம் முழுக்க எனக்குப் புரியவில்லை. ரிக்‌ஷாவில் ஏறினால் இறங்கும்வரை பேச மாட்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கை கழுவுவார். அதுவும் முழங்கைவரை, நகக்கண்ணுக்குள்ளும். அதை முழு வீடும் நின்று பார்க்கும். கைகழுவி முடிவதற்குள் பாதி நோய் பயந்து ஓடிவிடும் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

அவருக்கு ஒரு கட்டளை உண்டு. நோயாளி வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தேநீர் கொடுப்பார்கள், பழகிவிடுவோம், பழகினால் நாம் சொல்வதைக் கேட்க மாட்டார்கள் என்பார். அதனால் காலையில் கிளம்பினால் வீடு திரும்பும்வரை எங்களுக்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. பகல் முழுக்க வெயிலில் அலைந்துகொண்டே, போகிற வீட்டிலெல்லாம், "நல்லா தண்ணி குடிங்க" என்று பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். அது எங்கள் வேலை.

அந்த வேலையில் பாதி மலச்சிக்கல்தான். வாந்தி நாலாம் மாதத்தில் நின்றுவிடும், இது நிற்காது. வயிறு பெரிதாகக் குடலுக்கு இடம் போதாமல் போகும்; சத்துக்கென்று கொடுக்கிற இரும்பு மருந்தும் தன் பங்குக்கு இறுக்கும். அப்போதிருந்த வெள்ளைக்கார டாக்டர் துரை நல்ல மனிதர். தாம் தினமும் காலையில் பப்பாளி சாப்பிடுவதாகவும், அதையே எல்லாரையும் சாப்பிடச் சொல்லும்படியும் சொன்னார். வயிற்றில் பிள்ளை இருக்கிறபோது பப்பாளியைத் தொட நம் பெண்கள் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதை அவரிடம் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. போகிற வீட்டிலெல்லாம் பப்பாளி என்று சொன்னோம். எல்லா வீட்டிலும் வாங்கினார்கள். வாங்கியதைப் புருஷர்கள் சாப்பிட்டார்கள். அந்த வருஷம் கடைத்தெரு ஆண்களுக்கு வயிற்றுப் பிரச்சினையே இருக்கவில்லை.

அந்தக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு தெருவில் காதர் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. துறைமுகத்துக் கூலிகள், ஆபீஸில் எழுதும் சீனக் கிராணிகள், மலாய்க்காரர்கள், ரிக்‌ஷா இழுப்பவர்கள் என்று விடியலில் தொடங்கி இருட்டும்வரை கூட்டம். சோற்றின் மேல் நாலு கறியின் குழம்பையும் கலந்து ஊற்றுவார். அவருடைய மனைவி ஜைத்தூன் நாகூரிலிருந்து வந்தவள். இருபது வயதுகூட இருக்காது. அந்நிய ஆண்கள் முன்னால் வர மாட்டாள். மாடியறையும், தெருப்பக்கத்துச் சன்னலும், சன்னலோரத் தொட்டியில் ஒரு மருதாணிச் செடியும்தான் அவளுக்குப் பினாங்கு.

போன வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை ஏழாம் மாதத்தில் போயிருந்தது. இப்போது மறுபடி ஆறு மாதம். நான் பார்க்கப் போனபோது நாலைந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்றாள். வழக்கமானதைச் சொன்னேன்: எழுந்ததும் வெந்நீர், இரவில் ஊறவைத்த திராட்சை, கீரை, வாழைப்பழம், பகலெல்லாம் தண்ணீர். காதர் பாய் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்டதைச் செய்கிற மனிதர். அடுத்த தடவை போனபோது கூஜா நிறையத் தண்ணீரும், ஒரு தாம்பாளம் நிறையப் பழமும் மேலே வந்திருந்தன. அதற்கடுத்த தடவை கூஜா காலி, தாம்பாளம் காலி. ஜைத்தூனுக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மருதாணிச் செடி நன்றாகத் தழைத்திருந்தது. மாமியார் ஆமினா உம்மா, திராட்சை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு லேசாக இருப்பதாகச் சொன்னார்.

ஏழாம் மாதம் பிறந்ததும் ஒருநாள் காலை என்னை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜைத்தூன் முதுகை வளைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். விட்டுவிட்டு வலி. வயிறு கல்லாக இருந்தது. ஆமினா உம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்துக் காட்டினார். ஊரிலிருந்து கப்பலில் வந்த பேதி மாத்திரை. நேர்வாளக் கொட்டை சேர்த்தது.

"போன தடவையும் இப்புடித்தான் மிஸ்ஸி. வயிறு கட்டிக்கிச்சு. இதத்தான் குடுத்தேன். வயிறு எளகுச்சு, புள்ளையும் போயிருச்சு."

"அப்ப திரும்ப ஏம்மா குடுக்கணும்?"

"குடுக்காட்டி இவ போயிருவா. எந் தங்கச்சி அப்புடித்தான் போனா, வயிறு ஊதி. புள்ள போனா இன்னொண்ணு அல்லா தருவான். இவள எங்க போயித் தேடுவேன்?"

அதுவரை அவரைப் பற்றி நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். போன பிள்ளை அந்த மாத்திரையால்தான் போனதென்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். தங்கம்மா சிஸ்டர் செய்வார். ரிக்‌ஷா அனுப்பி அவரை வரவழைத்தேன்.

சிஸ்டர் வந்தார், கை கழுவினார், வயிற்றில் கை வைத்து வெகு நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு கையுறை போட்டுக் கீழேயும் பார்த்தார். "இது பிள்ளைப்பேத்து நோவு இல்லை. குடல் அடைச்சுக் கிடக்குது. ஆனா இப்பிடியே விட்டா இதுவே அதையும் கிளப்பிவிடும்" என்றார். ஆமினா உம்மாவைப் பார்த்து, "அந்தக் குளிசையை இப்ப குடாதேயுங்கோ. பின்னேரம் வரைக்கும் எனக்குத் தாங்கோ" என்றார்.

"அஸர் தொழுகை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல எங் கையில இல்ல."

"ஓம்" என்று ஒத்துக்கொண்டார் சிஸ்டர்.

அடுப்படியிலிருந்து செங்கல் வரவழைத்துக் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினோம். ஜைத்தூனை இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, வயிறு இடிபடாத அளவுக்கு முழங்காலை மடக்கினோம். ஆலிவ் எண்ணெய்ப் புட்டியை நான் வெந்நீரில் நிற்க வைத்தேன். சிஸ்டர் தன் முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. மூன்று தடவை திருப்பி அனுப்பினார். மெல்லிய ரப்பர் குழாய், அதன் தலையில் சின்னப் புனல். புனலை ஒரு சாணுக்கு மேல் தூக்க விட மாட்டார். எண்ணெய் தானாக இறங்க வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளினால் குடல் இழுத்துப் பிடிக்கும். குடல் பிடித்தால் பக்கத்தில் இருக்கிற கருப்பை சும்மா இருக்காது. நான் புனலைப் பிடித்தேன். ஜைத்தூனின் கன்னத்தருகே குனிந்து சிஸ்டர், "வாயைத் திறந்து மூச்சு விடும், பிள்ளை. வெக்கப்படாதேயும். எனக்கும் உடம்பு இருக்குது" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எண்ணெய் இறங்கிவிட்டால் அப்புறம் காத்திருப்பதுதான். இறுகியது ஊறித் தளரும்வரை ஒன்றும் செய்ய முடியாது. கீழேயிருந்து கரியடுப்பின் சூடு பலகைத் தரை வழியாக ஏறியது. ஆமினா உம்மா இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து வைத்தார். சிஸ்டர் வேண்டாமென்று தலையசைத்தார்.

"எங்க வூட்டுத் தண்ணிய நீங்க தொட மாட்டீங்க. எங்க புள்ளைய மட்டும் உங்கள நம்பிக் குடுக்கணுமாக்கும்" என்றார் ஆமினா உம்மா.

சிஸ்டர் என்னைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், எடுத்துக் குடித்தார். இன்னொரு கோப்பை ஊற்றினார்கள். அதையும் குடித்தார். எனக்குக் கொடுத்ததை நான் தொடவில்லை. எனக்குக் கட்டளை இன்னும் அமலில் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சிஸ்டர் நாற்காலியில் ஒரு பக்கம் மாறி உட்கார்ந்தார். பிறகு மறுபக்கம். பிறகு எழுந்து, "கக்கூஸ் எங்கை?" என்று கேட்டார்.

ஆமினா உம்மா மருமகளைப் பார்த்தார். "கீழதான் சிஸ்டரம்மா. கடைக்குள்ள போயித்தான் போகணும்."

சிஸ்டர் இறங்கிப் போனார். மாடிப்படி கடையின் நடுவில் இறங்குகிறது. அங்கிருந்து மேசைகளுக்கு ஊடாக, சோற்றுப் பானையைச் சுற்றி, சமையற்கட்டுக்குள் நுழைந்து, அம்மியில் மசாலா அரைக்கிறவர்களைத் தாண்டி, கொல்லைப்புறத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு வாளிக் கக்கூஸ். கதவு சரியாகச் சாத்தாது. சாப்பிட வந்தவர்களும் வெளியே முறைக்கு நிற்பார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் பார்த்தேன். மேலே இருந்த எனக்குத் தெரிந்தது, கீழே கடையின் சத்தம் திடீரென்று நின்றதுதான். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு பெண் தங்கள் நடுவே நடந்து போவதை எல்லாரும் சோற்றில் கைவைத்தபடி பார்த்திருக்கிறார்கள். திரும்பி வரும்போதும் அதே அமைதி.

மேலே வந்த சிஸ்டரின் முகம் சிவந்திருந்தது. கை கழுவினார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். நோயாளியின் கட்டிலில் உட்காருவதும் கூடாத காரியம்தான்.

"நீர் எப்ப போவீர், பிள்ளை?"

ஜைத்தூன் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். "இருட்டோட, சுபுஹு பாங்குக்கு முந்தி. அடுப்பு மூட்ட ஆளு வர்றதுக்குள்ள."

"அந்த நேரத்திலை வருமோ?"

"முந்தி வந்துச்சு. வயித்துல புள்ள வந்ததுலேருந்து பகல்லதான் வருது. அடக்கிக்கிருவேன். கொஞ்ச நேரத்துல போயிரும்."

"தண்ணி?"

"குடிச்சா எறங்கணுமே, சிஸ்டரம்மா."

நான் மருதாணிச் செடியைப் பார்த்தேன். ஆமினா உம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நாங் கெழவி, எல்லா ஆம்பளையும் என்னைய உம்மாம்பான், நாம்பாட்டுக்குப் போயிட்டு வந்துர்றேன். இவ சொல்லவே இல்லையே" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது வேறு. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அத்தனை வீடுகளுக்குப் போய், உள்ளே என்ன போகிறது என்று மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தோம். யார் வீட்டிலும் தண்ணீர் குடிக்காததால் யார் வீட்டுக் கக்கூஸையும் நாங்கள் பார்த்ததே இல்லை.

எண்ணெய் தன் வேலையைச் செய்திருந்தது. சிஸ்டர் கையுறை போட்டு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, முன்னால் அடைத்திருந்ததை விரலால் உடைத்து எடுத்தார். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், வழக்கமாகக் கொடுப்பதில் கால்பங்கு, மெல்ல மெல்ல. இதற்கு மேல் விவரிக்க வேண்டாம். படுக்கைத் தட்டு நிறைந்தது. வலி நின்றது. சிஸ்டர் வயிற்றில் மரக்குழல் வைத்துத் துடிப்பைக் கேட்டுவிட்டு அதை என்னிடம் நீட்டினார். பிள்ளையின் இதயம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஜைத்தூன் அதற்குள் தூங்கியிருந்தாள்.

மிச்சம் இருந்தது அந்தத் தட்டு. சிஸ்டர் அதை மூடி, மேலே வெள்ளைத் துணி விரித்து என் கையில் கொடுத்தார். "நேராப் பாத்து நடவும்" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரம். ஓர் இடம்கூடக் காலியில்லை. நான் படியிறங்கி மேசைகளுக்கு ஊடாக நடந்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் நல்ல எண்ணத்தோடு, "மிஸ்ஸி, அது என்னா கறிலா?" என்று கேட்டார். நான் நேராகப் பார்த்து நடந்தேன். காதர் பாய் சோற்றுப் பானை முன்னால் நின்றிருந்தார். தட்டைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மாடிப்படியைப் பார்த்தார். அவர் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

அவரைச் சமையற்கட்டு வாசலுக்கு அழைத்துச் சிஸ்டர் பேசினார். நானும் காலித் தட்டோடு நின்றிருந்தேன்.

"உம்மடை மனுசி ஒவ்வொரு நாளும் பகலிலை ஒருக்கா நிம்மதியாப் போய்வர வேணும். இல்லாட்டி இது திரும்பவும் அடைக்கும். பிள்ளை தங்காது."

"போகட்டுமே சிஸ்டர். யாரு பாக்கப் போறா?"

"நான் போனன். எல்லாரும் பாத்தவை."

காதர் பாய் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"ரண்டு வழி இருக்குது. ஒண்டு, மேலை ஒரு சட்டி வைக்கலாம். ஒவ்வொரு நாளும் அது இப்ப போனமாதிரி உம்மடை கடைக்குள்ளாலை போகும். மற்றது, அரை மணித்தியாலம் கடையை மூடும். ஆம்பிளையள் ஒருத்தரும் உள்ளுக்கு நிக்கப்படாது. அடுப்படி ஆக்களும்தான்."

"கடைய மூடுறதா? ஏன் மூடுறன்னு கேட்டா என்னான்னு சொல்லுவேன்?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம்."

அவர் தன் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஓரத்து மேசைக்காரர் இன்னும் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில கூட்டம் பசியாறி முடிஞ்சதும் மூடிர்றேன், சிஸ்டர்" என்றார் காதர் பாய்.

மறுநாள் நான் போயிருந்தேன். கடைப் பலகைகள் சாத்தியிருந்தன. காதர் பாயும் சமையல்காரர்களும் வெளியே ஐந்தடி நடைபாதையில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜைத்தூன் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எனக்கு முதுகைக் காட்டி மேசைகளைத் தாண்டிப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். முகம் தெளிந்திருந்தது. வரும் வழியில் அடுப்பருகே நின்றாள். அத்தனை மாதம் மேலே வந்த சாப்பாடு பானையில் கொதிப்பதை அன்றுதான் கண்ணால் பார்க்கிறாள். ஒரு மூடியைத் தூக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"மீன் கறிக்குப் புளி பத்தல, மாமி."

"போடு" என்றார் ஆமினா உம்மா.

போட்டாள். அடுத்த பானையில் வெந்தயம். மறுநாள் மல்லியை வறுத்தது போதாது என்று வேறு வறுத்தாள். இரண்டு வாரத்தில், மூடியிருக்கிற அரை மணி நேரத்தில் காதர் கடையில் ஏதோ ரகசிய மசாலா சேர்க்கிறார்கள் என்று துறைமுகம்வரை பேச்சாகிவிட்டது. நாகூர் தர்காவில் ஓதிக் கொண்டுவந்த மசாலா என்றார்கள் சிலர். கதவு திறப்பதற்கு முன்பே கூட்டம் நின்றது. காதர் பாய் சிஸ்டர் சொன்னபடியே ஒன்றும் சொல்லவில்லை.

ஜைத்தூன் கூஜாத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியதும் மருதாணி வாடியது. மாதம் நிறைந்து ஆண் பிள்ளை பிறந்தது. யூசுப் என்று பெயர் வைத்தார்கள். பெரிய பிள்ளை, பெரிய குரல். கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்ததும் ஆமினா உம்மா வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, அந்தக் காகித மடிப்பை எடுத்துச் சிஸ்டரின் கையில் வைத்தார். சிஸ்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டு, "தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் கட்டளை மாறியது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் நாளே கொடுப்பதை வாங்கிக் குடிக்க வேண்டும். கிளம்புமுன் கக்கூஸுக்கு வழி கேட்க வேண்டும். ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தேன். ஜார்ஜ் டவுனில் எந்தத் தெருவில் கக்கூஸ் எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இருக்க முடியாது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேறு இடம் வாய்க்காததால் இங்கே சொல்கிறேன்.

தேநீர் விருந்தன்று அங்கிருந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். ஜப்பான் சண்டைக்குப் பிறகு மேலேயே குழாய் வைத்த கக்கூஸ் கட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். காதர் பாயும் ஆமினா உம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் பலகைகள் சாத்தியிருந்தன. வெளியே கூட்டம். அதில் மாத்திரைக் கம்பெனிக்காரரும் நின்றிருந்தார். உள்ளே ஏதோ மசாலா சேர்க்கிறார்களாம் என்று எனக்கு விளக்கினார். கேட்டுக்கொண்டேன்.

யூசுப் வாசலில் நின்றிருந்தான். முப்பதை நெருங்குகிற ஆள், கதவை அடைக்கிற உடம்பு. "மிஸ்ஸிம்மா, நீங்க உள்ள போங்க. ஆம்பளைங்கதான் நிக்கணும்" என்று ஒரு பலகையை நகர்த்தினான்.

"இன்னும் ஏம்பா மூடுற?"

"வாப்பா காலத்துப் பழக்கம். என்னாத்துக்குன்னு எனக்கும் தெரியல. ஒரு நாளு மூடாம வுட்டேன், கறி சரியில்லன்னுட்டாங்க எல்லாரும்."

உள்ளே ஜைத்தூன் நடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், வேண்டாமென்றேன். தேநீர் ஊற்றினாள், குடித்தேன்.

"இப்பதான் மேலயே இருக்கே. பின்ன ஏன் எறங்கி வர்ற?"

"இந்த நேரம் ஆனா காலு தன்னால எறங்குது மிஸ்ஸி. எல்லாத்தையும் ஒரு வாட்டி ருசி பாத்துட்டு, இங்கன உக்காந்து சாப்புட்டுட்டுப் போவேன்." வெளியே காதைக் கொடுத்துக் கேட்டாள். "அவங்கிட்ட சொல்லிறாதீங்க. எதுனால மூடுனோம்னு தெரிஞ்சா வெக்கப்படுவான்."

நான் வெளியே வந்தேன். கூட்டம் பொறுமையிழந்திருந்தது. யாரோ பலகையைத் தட்டினார்கள்.

"உம்மா முடிச்சிட்டாங்களா மிஸ்ஸிம்மா?" என்று யூசுப் கேட்டான்.

"இன்னும் இல்ல. அவசரப்படுத்தாதே."

"சரி மிஸ்ஸிம்மா" என்றான். பலகையைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "உள்ள உம்மா இருக்காங்க. எல்லாரும் நில்லுங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். ஏழாம் மாதத்தில் குழல் வழியாக நான் கேட்ட பிள்ளை அவன். மாத்திரைக் கம்பெனிக்காரருக்குப் பின்னால் போய் நானும் வரிசையில் நின்றேன்.